சிவப்புப் புள்ளியும் லாச்சியில் இருந்த கடிதமும்

வெள்ளவத்தை டயர் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நால்வரும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்டீர்கள் என்று முதலாளி சொன்னார். வீல் பலன்ஸ் மெஷினின் பக்கத்தில் கம்பியால் கட்டிய பால்மா டின் ஒன்று தொங்குகிறது. அதற்குள் ரிம்மில் குறி போடும் வெண்கட்டிகள். இரண்டு எட்டு வைத்தால் சுப்பர்வைசர் மேசை, அதன் இழுப்பறையில், அதாவது லாச்சியில், ஒரு பெட்டி வெண்கட்டி. பிறகு டின் எதற்கு? கடையில் இப்போது இருக்கும் யாருக்கும் பதில் தெரியவில்லையாம். எனக்குத் தெரியும், அந்த மேசையில் அப்போது சுப்பர்வைசராக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பின் இப்படியான கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுத நேரமும் இருக்கிறது.

டயரை எப்படிக் கழற்றுவது, எப்படி ஏற்றுவது என்று இங்கே எழுதப்போவதில்லை. அது மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒரு திங்கட்கிழமையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புது டயரின் பக்கச் சுவரில் இரண்டு நிறப் புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் புள்ளி, டயரில் பாரம் குறைந்த இடம். ரிம்மில் வால்வு இருக்கும் இடம் பொதுவாகப் பாரம் கூடியது. மஞ்சளை வால்வுக்கு நேரே வைத்து ஏற்றினால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும். பாரத்தைச் சமப்படுத்த ரிம்மில் பொருத்தும் ஈயக் கட்டிகள் குறைவாகப் போதும். இதை வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுத்தேன். சிவப்புப் புள்ளியைப் பற்றி யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரியாது.

தெரியாமல் இருப்பதற்கு அப்போது இடம் இருந்தது. காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை போகும் காரைச் சைக்கிள்காரர் முந்துவார். அந்த வேகத்தில் சதுரச் சில்லு போட்டாலும் யாரும் முறையிட மாட்டார்கள். அதிவேக நெடுஞ்சாலை வந்த பிறகுதான் எங்கள் வேலையை மணிக்குத் தொண்ணூறு கிலோமீற்றரில் சோதித்துப் பார்க்கும் வாடிக்கையாளர்கள் உருவானார்கள்.

பாரூக் அவர்களில் ஒருவர். கொட்டாஞ்சேனைக்காரர். வெளிநாட்டுப் பயணிகளை வேனில் காலி நகருக்கு ஏற்றிப்போவது தொழில். அவருடைய அண்ணனிடம் இன்னும் பதினெட்டு வேன்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் டயர் எங்களிடம்தான். பாரூக்கின் வேனுக்கு நான்கு புது டயர்கள் போட்டோம். போட்டவர் செல்வராஜ். ஹட்டன் பக்கத்துக்காரர், தெமட்டகொடையில் குடியிருந்தார், எங்களிடம் ஆறு வருடம் வேலை. அதிகம் பேசாதவர். பேசினால் பெரும்பாலும் கேள்வியாக இருக்கும்.

ஒரு வாரத்தில் பாரூக் திரும்பி வந்தார். தொண்ணூறில் ஸ்டியரிங் உதறுகிறது என்றார். நான்கு சில்லையும் மெஷினில் போட்டேன். ஒன்றில் ஐந்து கிராம் பிழை. திருத்தி அனுப்பினேன். நான்கு நாளில் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை மெஷின் நான்கிற்கும் சைபர் காட்டியது. முன் சில்லுகளைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவை வந்தார்.

"சிவம் அண்ணன், இப்ப ஸ்டியரிங் ஒதறல்ல. சீட்டு ஒதறுது. முந்தி எனக்கு மட்டும் ஒதறிச்சி, இப்ப ஏறுற சனத்துக்கெல்லாம் சேத்து ஒதறுது. வெள்ளக்காரப் பொம்புள ஒண்டு கேட்டா, இந்த மஸாஜ் சீட்டுக்கு வேறயா சல்லி எடுப்பீங்களாண்டு."

"மெஷின் சைபர் காட்டுது பாரூக். வந்து நீரே பாரும்."

"மெஷின் காலிக்குப் போறல்ல அண்ணன். நான்தான் போறேன்."

நான் சிரித்தேன். அவர் சொன்னதில் ஒரு தகவல் இருந்ததை அன்று கவனிக்கவில்லை. சில்லை மாற்றியதும் உதறலும் இடம் மாறியிருந்தது. அப்படியானால் பிழை பாதையிலும் இல்லை, வேனிலும் இல்லை, சில்லில். எனக்கு அது காதில் விழவில்லை. வாடிக்கையாளர் குறை சொல்கிறார் என்பது மட்டுமே விழுந்தது.

மாலையில் முதலாளி கூப்பிட்டார். "பாரூக்ட அண்ணன் போன்ல கத்துறாரு. ஒரு வேனுக்காகப் பதினெட்டு வேனும் போகணுமா? யார் போட்ட டயர்?"

"செல்வராஜ்."

"அவருக்கு ஏற்கனவே ஒரு லெட்டர் குடுத்திருக்குல்ல? திங்கக்கிழமையும் வேன் வந்தா ரெண்டாவத குடுத்து அனுப்பிடுங்க."

எங்கள் கடை வழக்கத்தை நீங்கள் அறிய வேண்டும். முதல் கடிதம் எச்சரிக்கை. இரண்டாவது கடிதத்தோடு வீட்டுக்குப் போகலாம். செல்வராஜுக்கு முதல் கடிதம் கிடைத்தது ரயில் வேலைநிறுத்தம் நடந்த வாரத்தில் மூன்று நாள் பிந்தி வந்ததற்கு. அதையும் நான்தான் எழுதினேன்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அச்சடித்த படிவம். பெயர், திகதி, காரணம், கையொப்பம். பெயர் எழுதினேன். திங்கட்கிழமைத் திகதியைப் போட்டேன். காரணம் என்ற கோட்டில் 'கவனயீனம்' என்று எழுதப் போய் நிறுத்தினேன். எதில் கவனயீனம்? மஞ்சள் புள்ளி நான்கு சில்லிலும் வால்வுக்கு நேரே இருந்ததை நானே பார்த்திருந்தேன். டயர் ரிம்மில் சுற்றிவரச் சமமாக உட்கார்ந்திருந்தது. நட்டுகள் சரி. ஈயம் சரி. எழுதுவதற்கு எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. கோட்டை வெறுமையாக விட்டு, கடிதத்தை லாச்சியில் வெண்கட்டிப் பெட்டிக்கு மேல் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேன் வந்தது.

நல்ல மனத்தினால் அன்று வேனில் ஏறினேன் என்று நினைக்காதீர்கள். காரணம் எழுதத் தேவைப்பட்டது, அதற்காக ஏறினேன். செல்வராஜையும் வரச் சொன்னேன். லாச்சியில் இருப்பது அவருக்குத் தெரியாது. கொட்டாவையில் அதிவேக நெடுஞ்சாலைக்குள் நுழைந்தோம். பாரூக் ஒரு தண்ணீர்ப் போத்தலை முன்னால் வைத்தார். அறுபதில் தண்ணீர் சும்மா இருந்தது. எழுபத்தைந்தில் நடுவில் ஒரு சுருக்கம். தொண்ணூறில் போத்தலுக்குள் மழை பெய்வது போல் இருந்தது. என் இடுப்புக்குக் கீழே இருக்கை விடாமல் அதிர்ந்தது. மூன்று தடவை வந்து சொன்ன மனிதரிடம் மூன்று தடவையும் மெஷினைக் காட்டியிருக்கிறேன்.

செல்வராஜ் பின்னால், இருக்கையை விட்டு இறங்கிக் குந்தி, உள்ளங்கையைத் தரையில் வைத்திருந்தார்.

"என்ன செல்வா, பாத சரியில்லையோ?" என்றேன். கேட்கும்போதே அது நொண்டிக் கேள்வி என்று தெரிந்தது.

"பாதன்னா முன்னபின்ன வரும் அண்ணே. இது அளவா வருது. வேகம் கூடுனா இதுவும் கூடுது. எடது பக்கம் பின் சக்கரம்."

"கைய வெச்சே கண்டுபிடிச்சிட்டாரு," என்றார் பாரூக். "ஒங்கட மெஷின வித்துப்போட்டு இவருக்கு இன்னொரு கை வாங்கிக் குடுங்க."

கடைக்குத் திரும்பினோம். இடது பின் சில்லைக் கழற்றி மேலதிகச் சில்லைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது என் திட்டம். அது வேனுக்கு அடியில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கினோம். புது டயரில் இருக்கும் ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. ஜப்பானில் தொழிற்சாலையில் கட்டிய நாளிலிருந்து யாரும் தொடாதது. ஆனால் தேய்வு இல்லை என்பதால் நல்ல டயர் ஆகிவிடாது. ரப்பருக்கும் வயது இருக்கிறது. உற்பத்தித் திகதியைப் பார்க்க ஈரத் துணியால் பக்கச் சுவரைத் துடைத்துக்கொண்டே சுற்றினேன். திகதி கிடைத்தது. தொண்ணூறில் ஓடவிடக் கூடாத வயது. அந்தத் திட்டம் அத்தோடு முடிந்தது.

துணி ஓடிய வழியில் வேறு இரண்டு விடயங்களும் வெளியே வந்திருந்தன. டயரில் மங்கிய சிவப்புப் புள்ளி. அதற்கு நேர் கீழே, ரிம்மின் விளிம்பில், சின்னி விரல் நகத்தளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல ஒரே நேரில். வால்வு சில்லின் மறுபக்கத்தில் கிடந்தது. மஞ்சள் புள்ளி இன்னொரு மூலையில், யாரும் கணக்கில் எடுக்காமல்.

மூவரும் குனிந்து நின்றோம்.

"அண்ணே," என்றார் செல்வராஜ், "இந்த செவப்பு என்னாத்துக்குன்னு நான் ஒருநாள் கேட்டேன்."

"ஓம்."

"கம்பனிக்காரன்ட அடையாளம், நமக்கு வேலையில்லனு சொன்னீங்க."

"ஓம்."

பாரூக் என்னைப் பார்த்தார், புள்ளிகளைப் பார்த்தார். "கம்பனிக்காரன் வேலையோடதான் வெச்சிரிக்கான் போல," என்றார்.

டயர் இறக்குமதி செய்பவரின் ஆளுக்குப் போன் எடுத்தேன். எந்த டயரும் பூரண வட்டம் இல்லை, எந்த ரிம்மும் இல்லை, என்று அவர் சொன்னார். டயர் தூக்கலாக நிற்கும் இடம் சிவப்பு. ரிம் பதிந்திருக்கும் இடம் வெள்ளை. தூக்கலைப் பதிவில் வைத்தால் சில்லு வட்டத்துக்குக் கிட்ட வரும். தூக்கலின் மேல் தூக்கலை வைத்தால் முட்டை. பலன்ஸ் மெஷின் பாரத்தை மட்டும் பார்க்கிறது; முட்டைக்கும் சுற்றிவரப் பாரத்தைச் சமப்படுத்தலாம், சைபர் காட்டும். ரிம்மில் அடையாளம் இருந்தால் மஞ்சளை மறந்துவிட்டுச் சிவப்பை அதற்கு நேரே வைக்க வேண்டும். அடையாளம் இல்லாத ரிம்முக்குத்தான் மஞ்சளும் வால்வும். "இது உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்தக் கடையில் இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை நான் சத்தமாகச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அப்படியானால் மற்ற நான்கு ரிம்மிலும் வெள்ளைப் புள்ளி எங்கே?

எனக்கு அது உடனே விளங்கியது. அதற்குக் காரணமும் நான்தான். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் டயர் மாற்ற வருபவர்களின் இரும்பு ரிம்களுக்கு இலவசமாக வெள்ளி பெயின்ட் அடித்துக் கொடுப்பது நான் தொடங்கிய வழக்கம். பழைய வேனும் புதிது போலத் தெரியும். சனம் விரும்பியது, பக்கத்துக் கடைகளும் எங்களைப் பார்த்துச் செய்தன. பாரூக்கின் வேனும் இரண்டு சித்திரைக்கு வந்துபோனது. தொழிற்சாலை எழுதியதை நாங்கள் அழகாக மூடியிருந்தோம்.

இடது பின் சில்லை எடுத்தேன். டயரைக் கழற்றினேன். துணியில் தின்னரை ஊற்றி ரிம்மின் விளிம்பை வேகமாகத் துடைத்தேன். வெள்ளி கழன்றது. துணியைத் திருப்பிப் பார்த்தபோது வெள்ளியின் நடுவில் பாலாடை போல ஒரு தடம். ரிம்மில் எதுவும் இல்லை. வெள்ளியோடு வெள்ளைப் புள்ளியும் துணிக்கு வந்துவிட்டது.

அடுத்த ரிம்மை இழுத்தேன். செல்வராஜ் அதன் மேல் காலை வைத்தார்.

"விடுங்க அண்ணே."

ஆறு வருடத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

"புள்ளி போனா என்னா, பள்ளம் போகல்லதானே? அளந்து எடுப்போம். அப்புறம் அந்த எடத்துல மட்டும் நகத்தால சுரண்டிப் பாப்போம்."

இதுதான் அன்றைய தினத்தில் கடையில் யாராவது சொன்ன முதல் புத்தியான வார்த்தை. பின் ஒழுங்கையில் லேத் பட்டறை வைத்திருந்த பண்டா அய்யேயிடம் போனேன். ரிம்மில் முள்ளை வைத்துச் சுற்றினால் ஒரு மயிரளவு ஏற்ற இறக்கத்தையும் காட்டும் அளவி ஒன்று அவரிடம் இருந்தது. தந்தார். "ஹவஸட கேன்ன ஓனே," பின்னேரம் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்று சிங்களத்தில் இரண்டு தடவை சொன்னார்.

டயர் கழற்றிய இடது பின் ரிம்மை முதலில் பலன்ஸ் மெஷினில் பூட்டி, டயர் உட்காரும் விளிம்பில் முள்ளை வைத்துக் கையால் மெல்லச் சுற்றினோம். சுற்றியது நான். முள்ளைப் பார்த்தது செல்வராஜ். ஒரு இடத்தில் முள் நன்றாகக் கீழே போனது.

"நிறுத்துங்க. இங்கதான். சோக் எங்கண்ணே?"

"லாச்சிக்குள்ள," என்றேன்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. நான் சில்லைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டால் குறித்த இடம் போய்விடும். அவர் போய் லாச்சியைத் திறந்தார். என் பக்கம் முதுகு. முதுகு அசையாமல் நின்றது. அவருடைய பெயர், அன்றைய திகதி, வெறுமையான கோடு. மூன்றும் மேலேயே இருந்தன. பிறகு கடதாசி நகரும் சத்தம், பெட்டி திறக்கும் சத்தம், லாச்சி மூடும் சத்தம். திரும்பி வந்து ரிம்மில் ஒரு சிறு கோடு போட்டார். கோடு நேராக இருந்தது.

"அடுத்தது," என்றார்.

மீதி மூன்று ரிம்மையும் அப்படியே அளந்தோம். வெண்கட்டிக் கோடு விழுந்த இடத்தில் நகத்தால் சுரண்டியபோது இரண்டில் வெள்ளிக்குக் கீழே வெள்ளை தெரிந்தது. மூன்றாவதில் தெரியவில்லை, அளவியை நம்பினோம். டயர்களின் சிவப்புப் புள்ளியைக் கோட்டுக்கு நேரே திருப்பி ஏற்றினோம். இடது பின் சில்லில் சிவப்பு முன்பு எங்கே இருந்தது என்று கழற்றும்போதே வால்வைக் கொண்டு மனதில் குறித்து வைத்திருந்தேன். பள்ளத்துக்குச் சரியாக மறுபக்கம். மஞ்சளை வால்வுக்கு நேரே வைத்ததால் அப்படி அமைந்தது. செல்வராஜ் நான் சொல்லிக் கொடுத்ததை இம்மியும் பிசகாமல் செய்திருந்தார். உதறல் அங்கிருந்துதான் வந்தது.

பலன்ஸ் செய்தோம். ஒரு சில்லுக்கு முன்னதைவிட ஈயம் கூடப் போனது. போகட்டும் என்று விட்டோம்.

பாரூக் வேனை எடுத்துப் போனபோது ஐந்து மணி. மறுநாள் காலை காலிக்கு ஓட்டம் இருப்பதாகவும், அங்கே போய்ச் சேர்ந்து போன் எடுப்பதாகவும் சொன்னார். அளவியைப் பண்டா அய்யேயிடம் கொடுத்துவிட்டு வந்தேன். செல்வராஜ் பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

"சொல்லும்."

"காரணம்னு போட்ட எடம் வெறுமையா இருந்துச்சு. என்னா எழுதுறதா இருந்தீங்க?"

"தெரியேல்ல. அதாலதான் எழுதாம விட்டனான்."

"தெரிஞ்சிருந்தா?"

பதில் எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தக் கோட்டில் வைக்க எனக்கு ஏதாவது ஒரு சொல் அகப்பட்டிருந்தால், பொய்யாக இருந்தாலும் உண்மை போலத் தெரிந்திருந்தால், காலை ஒன்பது மணிக்கு அவர் கையில் கொடுத்திருப்பேன். அவர் கையைத் துடைத்தார். "ரயிலுக்கு நேரமாச்சு," என்று சொல்லி வெள்ளவத்தை ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

கடையைப் பூட்டுமுன் இன்னொரு படிவம் எடுத்தேன். பெயர் என்ற இடத்தில் என் பெயர். காரணம் என்ற கோட்டில்: 'ரிம்மின் அடையாளம் என்னவென்று அறியாமல் அதைப் பெயின்ட் அடித்து மூடச் செய்தது. ஊழியர் கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்லாமல், தேவையில்லை என்று சொன்னது.' பழைய கடிதத்தை நான்காகக் கிழித்தேன்.

மறுநாள் முதலாளி அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டு, உங்களுக்கே குடுக்கிறதா? இத வச்சு நான் என்ன செய்ய சிவம்?"

"ஃபைல்ல போடுங்கோ."

போட்டார். இன்னும் இருக்கிறது. கேட்டால் காட்டுவார். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போதுதான் பாரூக்கின் போன் வந்தது. நூறு வரைக்கும் போனாராம்.

"போத்தல்ல தண்ணி நித்திர கொள்ளுது அண்ணன். அந்தக் கைக்காரருக்கு சலாம் செல்லுங்க."

வெள்ளி பெயின்டை நாங்கள் நிறுத்தவில்லை. சனம் கேட்கும். பெயின்டுக்கு முன் அடையாளத்தைத் தேடி, அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுகிறோம். காய்ந்த பின் டேப்பை உரிக்கிறோம். இது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். டேப் ஏன் என்று கேட்டால் பதிலும் சொல்வார்கள்.

டின் பற்றித்தான் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாரூக்கின் போனைப் பற்றிச் சொல்ல நான் பட்டறைப் பக்கம் போனேன். செல்வராஜ் அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே வந்திருந்தார். பால்மா டின் ஒன்றில் ஆணியால் இரண்டு துளை போட்டு, கம்பியைக் கோத்து, மெஷினின் பக்கத்தில் கட்டி முடித்திருந்தார். அதற்குள் நான்கு வெண்கட்டிகள், புதிதாக வாங்கியவை. லாச்சியில் இருந்த பெட்டியை அவர் எடுக்கவில்லை. பாரூக் சொன்னதைச் சொன்னேன். "நல்லதுண்ணே," என்றார்.

அவர் இப்போது கொட்டாஞ்சேனைக் கிளையில் சுப்பர்வைசர். அதற்கு முன் என்னோடு பல வருடம் இருந்தார். சண்டையில்லை, சிரித்துப் பேசினோம், மகளின் சடங்குக்கு என்னைக் கூப்பிட்டார். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு என் லாச்சியை மட்டும் அவர் திறக்கவே இல்லை. பேனையோ ரசீதுப் புத்தகமோ வேண்டுமென்றால் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். "அண்ணே, எடுத்துத் தாங்க," என்பார். நான் எழுந்து எடுத்துக் கொடுப்பேன்.